திருத்திச் சொன்னவர்கள்

செங்கல்பட்டு நெருங்கும்போது கொளவாய் ஏரி ஜன்னலோரம் ஓடிவரும். தாளில் பிடிக்க அவகாசம் இருக்காது. ஒரு கரைக்கோடு, இரண்டு கொக்கு, அவ்வளவுதான். ஆனாலும் மின்சார ரயிலில் நோட்டைத் திறந்தால் பக்கத்து இருக்கை சும்மா இருப்பதில்லை. "அந்தாண்ட மலை இருக்கே, அதைப் போடலையா?" என்றார் கொய்யாக்கூடை அம்மா. போட்டேன். இறங்குவதற்குள் மகன் படிப்பு, முழங்கால் வலி, மதுராந்தகத்தில் கொய்யா விலை எல்லாம் பேசி முடித்திருந்தோம்.

*

போட்டோ எடுத்த கணமே முடிந்துவிடுகிறது. பாதிப் படத்தில் இன்னொருவருக்கு இடம் இருக்கிறது. எட்டிப் பார்ப்பவர் பெயரும் ஊரும் கேட்பதற்கு முன் குறையைச் சொல்கிறார். பயணங்களில் எனக்கு வாய்த்த சிநேகங்கள் பெரும்பாலும் இப்படி ஒரு திருத்தத்தில் ஆரம்பித்தவை.

*

மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு பார்த்தது. காலை வெயில் நேராக விழும். ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தியிருக்கும் தவசியை வரைந்துகொண்டிருந்தேன். விலா எலும்புகள் வந்துவிட்டன, ஆள் மட்டும் நிற்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல்: "முகத்தை அளவா வச்சுக்கோ தம்பி. மத்ததெல்லாம் அதால அளக்கணும்."

பக்கத்துத் தெருவில் சிற்பப் பட்டறை வைத்திருப்பவர். 1957-இல் தொடங்கிய அரசுச் சிற்பக் கல்லூரிப் பக்கம் போனதில்லை. மாமாவிடம் உளி பிடித்தவர். பென்சிலை வாங்கி, தாளின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக வைத்தார். முகம் ஒரு தாலம். ஒரு தாலத்துக்கு 12 அங்குலம். நெற்றியிலிருந்து இறங்கி மார்பு, நாபி, முழங்கால் என்று எண்ணிக்கொண்டே போனார். நகக்கண்ணில் கருங்கல் தூள் படிந்திருந்தது. கட்டைவிரல் ஓரம் காய்த்துப்போய்த் தாளில் உரசும்போது சத்தம் கேட்டது. எந்தப் புள்ளிக்கும் அவர் பாறையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு பட்டறைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். பாதி செதுக்கிய பிள்ளையாரைக் காட்டி, "இதுல என்ன தப்பு, சொல்லு" என்றார். நானும் சொன்னேன். தும்பிக்கை வளைவைப் பற்றி வெகுநேரம் பேசினோம்.

*

நேரில் நின்றுதான் வரைய வேண்டும் என்பது அர்பன் ஸ்கெச்சர்ஸ் குழுவினரின் முதல் விதி. 2007-இல் சியாட்டிலில் கேப்ரியல் காம்பனாரியோ தொடங்கிய அமைப்பு அது. அதற்கு வெகு முன்பே ஆனந்த விகடனின் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிலையின் முன் உட்கார்ந்து வரைந்தவர் ஓவியர் சில்பி. அந்தக் கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம், இருட்டு மண்டபங்களில் அவருக்கு விளக்குப் பிடித்தது யார், தூணடியில் பேச்சுத்துணை யார் என்று மனம் தேடும். அவர்களும் ஏதாவது திருத்தியிருப்பார்கள்.

*

மாசி மகத்துக்கு இருளர்கள் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரம் கடற்கரைக்கு வருகிறார்கள். சேலையைக் கட்டிக் கூடாரம். மணலில் படி அமைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள், விடியலில் கல்யாணங்கள் நடக்கும். காமிராக்காரர்களும் நிறைய. கேட்காமலே முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. படம் வரைய வேண்டுமானால் கேட்டுத்தான் ஆக வேண்டும். எதிராளி உட்கார்ந்து கொடுக்க வேண்டும், நாமும் உட்கார வேண்டும்.

ஒரு பாட்டி உட்கார்ந்தார். பாதியில் நோட்டை வாங்கிப் பார்த்து, "மூக்குத்தி ரெண்டு பக்கமும்யா" என்றார். வலப்பக்கம் நிழலில் இருந்ததால் விட்டிருந்தேன். சேர்த்தேன். சுருக்கங்களைக் குறைக்கவா என்று கேட்டதற்கு, "இருக்கறதை ஏன் எடுக்கற?" என்று சிரித்தார். கருவாட்டுக் குழம்பும் சோறும் வந்தது. மூன்று குடும்பத்தார் சுற்றி நின்று, யாருக்கு யார் ஜாடை என்று வாதாடினார்கள்.

பக்கத்தைக் கிழித்துக் கொடுத்துவிடுவதே என் வழக்கம். வரையப்பட்டவரிடம் இருப்பதுதான் நியாயம். ஆனால் பேத்திக்கு இன்னும் திருப்தியில்லை. பாட்டி சேலை பச்சையாம், படத்தில் அதைக் காணோமாம். அடுத்த மாசிக்குக் கலர் பென்சிலோடு வரச் சொல்லியிருக்கிறாள்.