குளிர் தந்த சமாதானம்

எங்கள் பாடசாலையின் விஞ்ஞான அறையில் இரண்டடி நீள மீன்தொட்டி ஒன்று உண்டு. கப்பிகளும் சீப்ரா மீன்களுமாகப் பதினைந்து உயிர்கள். சென்ற நவம்பரில் பண்டாரவளைக் கடையொன்றில் வாங்கிய ஆண் சண்டை மீனை அதற்குள் விட்டேன். கருநீலம், சேலைத் தலைப்புப் போல் வால். “இது தனியாத்தான் இருக்கணும் சேர்” என்று கடைக்காரர் சொல்லத்தான் செய்தார். அவருடைய தட்டிலும் ஒவ்வொரு மீனும் தனித்தனிப் போத்தலில், இடையிடையே மட்டை வைத்து மறைக்கப்பட்டிருந்தது. ஒன்றையொன்று கண்டால் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் மோதுமாம்.

இரண்டு மாதம் ஒரு சண்டையும் இல்லை. மீன் ஒரு மூலையில் அமைதியாகக் கிடந்தது. கப்பிகள் அதை உரசிக்கொண்டு போயின. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் வரிசையில் நின்ற காலைக்கூட்டத்தில் அந்த மீனை வைத்தே பேசினேன். சண்டைக்கென்றே பெயரெடுத்த பிராணி கூடி வாழப் பழகிவிட்டது, நமக்கென்ன வந்தது என்று. நன்றாகவே பேசினேன். அதுதான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஜனவரியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தொட்டிக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தாள். பதினெட்டுப் பாகை. “சேர், அதுக்குக் குளிருது” என்றாள்.

அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேல். பனிமூட்டம் வகுப்பறைக்குள் வந்து கரும்பலகையை மறைக்கும் ஊர். சண்டை மீனோ தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்புகளிலும் பிறந்தது. 2019இல் அந்நாடு அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. இருபத்தைந்து பாகைக்குக் குறைந்தால் அதற்குச் சோர்வுதான். நான் பொறுமை என்று பாராட்டியது விறைப்பு.

ஹீட்டர் வாங்கிப் போட்டோம். இருபத்தாறு பாகை. மூன்றாம் நாள் நீளவால் கப்பியொன்று வாலில்லாமல் மிதந்தது. மறுநாள் இன்னொன்று. வண்ண வாலைக் கண்டு தன் இனத்து ஆண் என்று எண்ணியிருக்கும்.

குற்றம் யாருடையது? மீனுடையது என்று சொல்ல எனக்கு நாவு வரவில்லை. மனிதர் பந்தயத்துக்காகப் பல தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த மூர்க்கம் அது. வயல் நீரில் இரண்டு ஆண்கள் மோதினாலும் தோற்றது விலகி ஓடிவிடும். சண்டை அத்தோடு முடிந்தது. தொட்டியில் ஓட இடமில்லை. சண்டையைக் கொலையாக்குவது அந்த நாலு கண்ணாடிகள்தான். அவற்றை வைத்தவன் நான்.

மிருகங்களை ஒன்றோடொன்று மோதவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. சேவற்கட்டு நடத்துகிறவனுக்குச் சொன்னது என்றே இதுவரை நினைத்திருந்தேன். சிறுவர் அபூ உமைர் குருவி வளர்த்ததைக் கொண்டு, உணவு கொடுத்துப் பேணுவதானால் பறவை வளர்க்கலாம் என்று அறிஞர்கள் சொல்வர். நானும் உணவு கொடுத்தேன். ஆனால் பேணுதல் என்பது உணவோடு முடிகிறதா?

அப்படியானால் ஓடையில் விட்டுவிடலாமே என்றார் சக ஆசிரியர். எங்கள் ஓடையின் குளிரில் அது பிழைக்காது. கீழே வெல்லவாய வெயிலில் விட்டால் பிழைக்கலாம்; ஆனால் இலங்கை நீர்நிலைகளுக்கென்றே உரிய உறவுக்கார மீன்கள் இருக்கின்றன. அவற்றின் வீட்டில் இதை விட நமக்கென்ன உரிமை?

இவ்வளவும் மீன் கதையாக இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

என் வகுப்பில் ஒரு பையன். மேல் டிவிசனிலிருந்து நடந்து வருகிறவன். அடிதடிக்காரன். சென்ற வருடம் மூன்றாம் தவணையில் திடீரென்று அடங்கிப்போனான். தேர்ச்சி அறிக்கையில் ‘நடத்தை மிக நன்று’ என்று என் கையாலேயே எழுதினேன். தகப்பன் கொழும்பில் வேலையிழந்து காசு அனுப்பாதிருந்த மாதங்கள் அவை. பையன் காலையில் வெறும் தேத்தண்ணீரோடு வந்திருக்கிறான். தாய் சொல்லித்தான் தெரியும். இப்போது நிலைமை கொஞ்சம் சீர். போன கிழமை பக்கத்துப் பையனின் அடிமட்டத்தை முறித்துவிட்டான்.

அட்டாளைச்சேனைக் கலாசாலையில் நான் படித்து வந்ததெல்லாம் குழப்புகிற பிள்ளையை எப்படிக் கையாள்வது என்பதுதான். அமைதியாக இருக்கிற பிள்ளைக்கு என்ன குறை என்று தேடும் பழக்கம் எனக்கு வரவேயில்லை. இருபது வருடத்தில் எத்தனை ‘மிக நன்று’ எழுதியிருப்பேன்!

மீனுக்கு இப்போது தனித்தொட்டி, தனி ஹீட்டர். மேலே வந்து காற்றைக் குடிக்கும் இனமாதலால் குளிர்காற்று படாமல் மூடியும் போட்டிருக்கிறோம். மின்கட்டணத்தைப் பற்றி அதிபர் ஒருமுறை கேட்டார். பையனை என்ன செய்வது என்று அவரிடம் நான் கேட்கவில்லை. தனி மேசையில் இருத்தச் சொல்லியிருப்பார். அவனுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் நடுவில் மட்டை வைக்க எனக்கு மனமில்லை. விலகிப்போக இடமிருக்கட்டுமென்று ஜன்னலோரம் இரண்டு வாங்குகளை மட்டும் வெளியே எடுத்துப் போட்டிருக்கிறேன். அடிமட்டத்துக்கு நாற்பது ரூபா கொடுத்தேன்.