பேதுரு கேட்ட மூன்று கூடாரம்

(தவக்காலம் இரண்டாம் ஞாயிறு மறையுரை)



தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறுதோறும் திருச்சபை நம்மை ஒரு மலைக்கு அழைத்துப்போகிறது. நாமோ இதே நேரத்தில் இன்னொரு மலையில் ரூம் தேடிக்கொண்டிருக்கிறோம். அன்பியக் கூட்டங்களில் செபமாலை முடிந்தவுடன் வருகிற முதல் பேச்சே மே மாதம் கொடைக்கானலா, ஊட்டியா, ஏற்காடா என்பதுதான். தவக்காலத்தில் சாமியார் சுற்றுலா பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்க வேண்டாம். சாப்பிடக்கூட நேரமில்லாமல் அலைந்த சீடர்களைத் தனிமையான இடத்துக்குப் போய்ச் சற்று ஓய்வெடுக்கச் சொன்னவர் நம் ஆண்டவர்தான். மாற்கு அதை மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

இயேசு மலையில் மூன்று சீடர்கள் முன் தோற்றம் மாறியதை இன்று மத்தேயுவில் வாசித்தோம். அதை லூக்காவும் எழுதியிருக்கிறார். அவர் மட்டும் கூடுதலாக ஒன்று சொல்கிறார்: மலை உச்சியில் சீடர்களுக்குத் தூக்கம் கண்ணைக் கட்டியது. உயர்ந்த மலை, ஏறிய களைப்பு. கண் விழித்த பேதுரு உடனே தங்குவதற்கு ஏற்பாடு பண்ணப் பார்க்கிறார். வழக்கமாக மறையுரைகளில் இந்த இடத்தில் பேதுருவைக் கொஞ்சம் கண்டிப்போம், கீழே இறங்க மனமில்லாத மனிதர் என்று. எனக்கு அவர் மேல் மரியாதைதான் வருகிறது. அவர் கேட்டது எத்தனை கூடாரம்? மூன்று. ஒன்று இயேசுவுக்கு, ஒன்று மோசேக்கு, ஒன்று எலியாவுக்கு. தனக்கு என்று ஒன்று கேட்கவில்லை. யாக்கோபுக்கும் யோவானுக்கும்கூடக் கேட்கவில்லை. குளிரில் வெளியே கிடக்கத் தயாராக இருந்த மனிதர் அவர். நாம் மலைக்குப் போகும்போது யார் உள்ளே படுக்கிறார்கள், யார் வெளியே கிடக்கிறார்கள் என்பதை இன்று யோசிப்போம்.

கொடைக்கானல் ஏரிச் சாலையில் மே மாதத்தில் விடியுமுன் நடந்து பாருங்கள். வரிசையாக நிற்கும் வேன்களின் கண்ணாடி, உள்ளே இருப்பவரின் மூச்சுப்பட்டு வெளுத்திருக்கும். முன்சீட்டில் ஒருவர் கால் நீட்ட இடமில்லாமல், ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்காலை மடக்கி, லுங்கியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக் கிடப்பார். டேஷ்போர்டில் மாதா சுரூபமோ பிள்ளையாரோ இருக்கும். பக்கத்தில் செல்போன் அலாரம் அடிக்கும். சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்று மேலே ரூமில் தூங்குகிறவர்கள் சொல்லி வைத்திருப்பார்கள். அதே ஆள்தான் அன்று மாலை உங்கள் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் கீழே இறக்க வேண்டும்.

ஓய்வுநாள் கட்டளையை இணைச்சட்ட நூலில் எடுத்து வாசியுங்கள். நீ ஓய்வெடு என்பதோடு அது நிற்பதில்லை. வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, ஊரில் தங்கியிருக்கும் அந்நியன் என்று பெயர் சொல்லி எண்ணுகிறது. உன்னைப் போலவே உன் வேலையாளும் இளைப்பாற வேண்டும் என்கிறது. நம் வீட்டுச் சுற்றுலாவில் அந்த வேலையாள் டிரைவர்தான்.

ஆகவே முதல் காரியம். ரூம் போடும்போது டிரைவருக்குப் படுக்கை உண்டா என்று அதே போனில் கேளுங்கள். இல்லை என்றால் வேறு விடுதி பாருங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினால் ஒரு நாள் வாடகை மிச்சம் என்று கணக்குப் போடாதீர்கள். மலைச்சாலையைப் பகலில் ஏறுங்கள், பகலில் இறங்குங்கள். நம் பிள்ளைகளே வண்டி ஓட்டினால் அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. மலைப்பாதையில் மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, வேண்டிய வளைவில் பிடிக்காமல் போகும். கல்லட்டியின் 36 வளைவுகளில் நடந்த விபத்துகள் பலவற்றைக் கேட்டுப் பாருங்கள், இதுதான் கதை.

டிரைவர்களைப் பற்றிப் பேசும்போது நம் மாதாவும் நினைவுக்கு வருகிறார். கொடைக்கானலில் மேட்டின் மேல் இருக்கும் சலேத் மாதா கோயிலை, இயேசு சபையின் செயிண்ட் சிர் அடிகளார் 1866இல் கட்டினார். பலர் அங்கே போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அந்தத் தாய் யார்? பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் சலேத் என்னும் ஊரின் மேய்ச்சல் நிலத்தில், 1846 செப்டம்பர் 19 அன்று, மாடு மேய்த்த மெலனி, மாக்சிமின் என்ற இரண்டு பிள்ளைகளுக்குக் காட்சி தந்தவர். முகத்தைக் கையில் புதைத்து அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அழுகைக்கு அவர் சொன்ன காரணங்களில் இரண்டைக் கேளுங்கள். ஆறு நாள் உழைப்புக்குத் தந்த பிறகும் ஏழாம் நாளை மனிதர்கள் கடவுளுக்கு விடுவதில்லை என்பது ஒன்று. வண்டியோட்டிகள் தம் மகன் இயேசுவின் பெயரை இழுத்துத் திட்டிக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறார்கள் என்பது மற்றொன்று. ஓய்வும் வண்டியும்! மலைச்சாலை நெரிசலில் ஹாரனைப் பிடித்து அழுத்தியபடி முன்வண்டிக்காரரின் பரம்பரையை இழுக்கும்போது, கொஞ்சதூரத்தில் எந்த மாதாவின் கோயில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு அங்கே இருந்தால் பூசை நேரத்தை முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, போய் என்ன செய்வது? எலியாவைப் பாருங்கள். சாகலாம் என்று சூரைச்செடியின் கீழே படுத்துவிட்ட மனிதர். வானதூதர் வந்து அவருக்கு உபதேசம் பண்ணவில்லை. சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்தார். சாப்பிட்டார், மறுபடி தூங்கினார், மறுபடி சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் ஓரேபு மலைக்கு நாற்பது நாள் நடை. நாமோ ஒரே நாளில் தூண்பாறை, குணா குகை, பசுமைப் பள்ளத்தாக்கு, பைன் காடு, படகு, குதிரை எல்லாவற்றையும் முடித்துவிட்டு, திங்கள்கிழமை வேலைக்குப் போகும்போது முன்னைவிடக் களைத்துப் போகிறோம். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். காலை ஆறு மணிக்கு ஏரியை ஒரு சுற்று நடந்து வாருங்கள், ஐந்து கிலோமீட்டர்தான். பைன் காட்டில் போட்டோ நன்றாக வரும், மறுக்கவில்லை. ஆனால் பைன் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம். மலைக்குச் சொந்தமானது சோலைக்காடு. மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் சொட்டுச் சொட்டாக விடுவது அதுதான். அதன் ஓரத்தில் அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்தால் அதுவே செபம்.

மலை ஏறுமுன் வத்தலக்குண்டில் பரோட்டாவைக் கட்டுக்கட்டாக அடிக்காதீர்கள், இரண்டு இட்லி போதும். வாந்தி வருகிற பிள்ளையை முன்பக்கம் உட்கார வைத்து, செல்போனை வாங்கி வைத்துவிட்டு, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குளிரும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், எனவே பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் ஸ்வெட்டர் பெட்டியின் அடியில் இல்லாமல் கையில் இருக்கட்டும்.

போகிற வழியில் டம்டம் பாறையில் எல்லாரும் இறங்குவோம். எதிர்ப்பக்கம் மலையில் வெள்ளைக் கோடாகத் தலையாறு அருவி தெரியும். எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். அது மஞ்சளாற்றின் தண்ணீர். மஞ்சளாறு வைகையில் சேர்கிறது. நாம் குடிப்பது வைகைத் தண்ணீர். அந்தக் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எட்டிப் பாருங்கள்: சிப்ஸ் பாக்கெட், குழந்தையின் டயப்பர், பாதி குடித்த பாட்டில். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். ஐயாயிரம் பேர் புல்தரையில் சாப்பிட்டு எழுந்த இடத்தில் ஆண்டவர் என்ன செய்தார்? மிச்சத் துண்டுகளையும் வீணாகாமல் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடை சேர்ந்தது. அவருடைய சீடர்கள் சாப்பிட்டு எழுந்த இடம் எப்படி இருக்க வேண்டும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மலைக்குப் போன இன்னொருவரும் நமக்குத் தெரிந்தவர்தான். மரியா யூதேய மலைநாட்டுக்கு விரைந்து போனார். மூன்று மாதம் தங்கினார். அவருக்கு அந்த மலை எலிசபெத்தின் வீடு. கொடைக்கானலும் அப்படித்தான், ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வீடு. நாம் எல்லாரும் ஒரே சனிக்கிழமை மேலே போய் நிற்பதால், அங்கே பிரசவ வலி எடுத்த பெண்ணின் ஆம்புலன்ஸ் நம் வண்டிக்குப் பின்னால் நிற்கிறது. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது இந்த நெரிசலால்தான். அதைத் தொல்லை என்று திட்டாமல் வாரநாளில் போக முடியுமா என்று பாருங்கள். ரோட்டோரம் பூண்டும் கேரட்டும் விற்கும் அம்மாவிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்காதீர்கள்.

இளைஞர்களே, உங்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன். சீனாய் மலையைச் சுற்றி எல்லை போடச் சொன்னார் கடவுள். அதைத் தாண்டினால் சாவு என்றார். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் உங்கள் வயதுக்காரர்கள், வார இறுதியில் மலை பார்க்கப் போனவர்கள். இந்த மார்ச்சிலும் அவர்களுக்காகச் செபிப்போம். காட்டுக்குள் நடக்க ஆசை இருந்தால் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ மூலம் போங்கள். 2024இல் தொடங்கியது, நாற்பது பாதைகள், வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். தீக்காலத்தில் மூடிவிட்டால் மூடிவிட்டார்கள் என்று திரும்புங்கள். தடுப்புக் கம்பியைத் தாண்டி நின்று செல்ஃபி எடுப்பது வீரமில்லை. வீரம் வேண்டுமா, திருத்தந்தை பதினொன்றாம் பயஸைக் கேளுங்கள். திருத்தந்தை ஆகும் முன் அவர் தேர்ந்த மலையேறி. 1889இல் மோன்தே ரோசா மலையில் ஒரு குறுகிய பாறைத் திட்டில், தூங்கினால் விழுவோம் என்று, தோழர்களோடு விழித்தே ஓர் இரவைக் கழித்தவர். அவரே 1923இல் மலையேறுவோருக்குப் பாதுகாவலராகப் புனித பெர்னார்டை அறிவித்தார். அந்தப் பெர்னார்டு எந்தச் சிகரத்தைத் தொட்டதற்காகவும் புனிதர் ஆகவில்லை. ஆல்ப்ஸ் கணவாயில், 2,469 மீட்டர் உயரத்தில், பனியில் வழி தப்பி வருகிறவர்களுக்கு ஒரு சத்திரம் கட்டினார். அங்கே துறவிகள் இன்றும் வழிப்போக்கர்களை ஏற்றுக்கொள்கிறார்கள்.

2025 செப்டம்பர் 7 அன்று புனிதர் பட்டம் பெற்ற பியர் ஜியோர்ஜியோ பிரசாத்தியும் மலை என்றால் உயிரை விடுவார். தூரின் நகரின் பெரிய பத்திரிகை முதலாளி வீட்டுப் பிள்ளை. ஆனால் ரயிலில் மூன்றாம் வகுப்பில்தான் போவார். மிச்சமான காசு ஏழைகளுக்குப் போகும். 24 வயதில் இறந்தபோது அவருடைய அடக்கத்துக்கு வந்த ஏழைகளின் கூட்டத்தைப் பார்த்துத்தான், தங்கள் பிள்ளை யார் என்று வீட்டாருக்கே தெரிந்தது.

இன்றைய நற்செய்தியில் மலைக்குப் போனவர்கள் மூன்று சீடர்கள். ஒன்பது பேர் கீழேயே இருந்தார்கள். ஆண்டவர் இறங்கி வந்ததும் அவர் முன் மண்டியிட்டவர் நோயாளிப் பிள்ளையின் தகப்பன். இன்று வாசித்த பகுதிக்குச் சற்றுப் பின் மத்தேயு அதை எழுதுகிறார். மேலே பார்த்த வெளிச்சம் முதலில் போய்ச் சேர்ந்தது மலைக்கு வராத ஒரு வீட்டுக்கு. நம் வீடுகளிலும் நாயைப் பார்த்துக்கொள்ள, மாடியில் காயும் வற்றலை எடுத்து வைக்க என்று யாரையாவது விட்டுவிட்டுத்தான் போகிறோம். பெரும்பாலும் அது பாட்டிதான். முன்சீட்டில் உட்கார வைத்தால் அவர்களும் வருவார்கள். கேட்டுப் பாருங்கள்.

நம் பங்கின் பீடச்சிறுவர்களும் மறைக்கல்விப் பிள்ளைகளும் மே மாதம் கொடைக்கானல் போகிறார்கள். வண்டி பேசியாயிற்று. டிரைவருக்குக் கட்டிலும் கம்பளியும் உண்டு என்று விடுதியில் சொல்லியிருக்கிறார்கள். வண்டியில் இன்னும் சில இடம் இருக்கிறது. அவை காசு கட்ட முடிந்தவர்களுக்கு இல்லை. உங்கள் தெருவில், எந்த மதமானாலும் சரி, இதுவரை மலையே ஏறாத பிள்ளை யாராவது இருந்தால், திருப்பலி முடிந்ததும் பெயரைத் திருப்பண்ட அறையில் எழுதிக் கொடுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டரும் யாராவது கொண்டுவாருங்கள்.

இப்போது எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.