எத்தீமின் அறிவும் ஓர் அமானிதமே

எத்தீமின் சொத்தைத் தின்பது எத்துணைப் பெரும் பாவம் என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவர். சூரத்துன் னிஸாவின் தொடக்க ஆயத்துகள் இதுபற்றிக் கடுமையாக எச்சரிக்கின்றன. ஏழையான பொறுப்பாளிக்கு நியாயமான அளவு எடுத்துக்கொள்ளும் சலுகை உண்டு. அது தவிர, பிள்ளையின் நன்மைக்காக அன்றி நம் வசதிக்காக அவனுடைய காசைத் தொட அனுமதியில்லை.

பொருளுக்கே இந்தச் சட்டம் என்றால் அறிவுக்கு என்ன சட்டம்? ஷரீஅத் பாதுகாக்க வந்தவை மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள் என்ற ஐந்து என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் வகுத்துள்ளார்கள். இந்த வரிசையில் அறிவு பொருளுக்கு முன்னே நிற்கிறது.

இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. அமெரிக்காவில், பெற்றோரிடம் துன்புற்ற அல்லது கவனிப்பாரற்ற பிள்ளைகளை நீதிமன்றம் பிரித்து, அரசின் பொறுப்பில் வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைக்கிறது. அந்நாட்டு அரசின் கணக்காய்வு அலுவலகம் 2011-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2008-ஆம் ஆண்டில் 5 மாநிலங்களில், அரசின் மருத்துவ உதவி பெறும் மற்றப் பிள்ளைகளைவிட இப்பிள்ளைகளுக்கு மனநோய் மருந்துகள் 2.7 முதல் 4.5 மடங்கு வரை அதிகமாகத் தரப்பட்டிருந்தன. ஒரே பிள்ளைக்கு ஒரே நேரத்தில் 5 மருந்துகள் தரப்பட்டதும் வெளியாயிற்று. இதை மேற்பார்வையிடும்படி மாநிலங்களைப் பணிக்கும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது.

இந்தக் கணக்கைக் கண்டு மருந்தே குற்றம் என்று முடிவு கட்டிவிடலாகாது. அடியும் பிரிவும் கண்ட பிள்ளைக்கு மனக்காயம் அதிகம். சிகிச்சையின் தேவையும் அதிகம். கி.பி. 934-ல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ என்ற நம் அறிஞர், உடலைப் போலவே உள்ளமும் நோயுறும், அதற்கும் பரிகாரம் வேண்டும் என்று விரிவாக எழுதிச் சென்றார்.

ஆனால் இரவெல்லாம் அழும் பிள்ளை, பாத்திரத்தை வீசி எறியும் பிள்ளை, யாரிடமும் பேசாத பிள்ளை இவர்களெல்லாம் நோயாளிகள்தாமா? தாயைத் தேடி அழுவது நோயன்று. வீட்டார் நிம்மதியாக உறங்குவதற்காக அப்பிள்ளையை மயக்கத்தில் வைப்பது, நம் வசதிக்காக அவன் காசை எடுப்பதைப் போன்றதே. இவ்வகை மருந்துகளில் சில உடல் எடையைக் கூட்டும்; சர்க்கரை நோய்க்கும் வழி திறக்கும். அந்த விலையைக் கொடுப்பவன் பிள்ளையே, நாமல்ல.

இதற்கு நேர் எதிரான தவறு நம்மவரிடம் உண்டு. "இது ஜின்னின் சேஷ்டை, ஓதி ஊதினால் போதும், ஸபுர் செய்" என்று மருத்துவரிடம் காட்டாமலே காலம் கடத்துகிறோம். ஓதிப் பார்ப்பது நல்லதே. அது மருத்துவத்தைத் தடுப்பதன்று. வலிப்பு நோயுற்ற ஒரு பெண்மணி தமக்காக துஆச் செய்யும்படி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தபோது, துஆவா, பொறுமைக்குரிய சுவர்க்கமா என்று தேர்ந்துகொள்ளும் உரிமையை அவருக்கே அளித்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். கவனிக்க வேண்டியது, தம் நோயில் தாமே பொறுமையைத் தேர்ந்தார் என்பதே. பிறர் பிள்ளையின் வேதனைக்கு நாம் பொறுமையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஆகவே அளவுகோல் ஒன்றே: இந்த மருந்து யாருடைய நன்மைக்கு? பிள்ளையை வளர்ப்போர் மருத்துவரிடம் தெளிவாகக் கேட்க வேண்டும். நோய் என்ன, மருந்து எதற்கு, எத்தனை நாள், பக்க விளைவு என்ன, மீண்டும் எப்போது காட்டுவது? பழைய மருந்துச் சீட்டுகள் பிள்ளையோடு கூடவே வர வேண்டும். நாமாக மருந்தைக் கூட்டவோ திடீரென நிறுத்தவோ கூடாது. பிள்ளை என்ன சொல்கிறான் என்றும் கேட்க வேண்டும். மருந்து தேவைப்பட்டாலும், அருகில் அமர்ந்து பேசும் ஒருவருக்கு அது ஈடாகாது.

எத்தீமாகவே பிறந்து, பாட்டனாரிடமும் பெரிய தந்தையிடமும் வளர்ந்த நாயகத்தின் உம்மத் நாம். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளின் பொருளையும் அறிவையும் குறையின்றித் திருப்பித் தரும் நல்லடியார்களாக வல்ல ரஹ்மான் நம்மை ஆக்கி வைப்பானாக! ஆமீன்.