பால் குடமும் தடிக்கம்பும்

ஆடி பிறந்துவிட்டால் புற்றுக்கெல்லாம் பால் அபிடேகம்! மஞ்சள் பூசி, முட்டை வைத்து, "தாயே" என்று கன்னத்திலே போட்டுக்கொள்கிறார்கள். அடுத்த குடிசையிலே பாலின்றி அழும் பிள்ளையைப் பற்றி இப்போது பேசவில்லை. பாம்பைப் பற்றியே பேசுவோம். அதே தெருவிலே, அதே மாலையிலே, வைக்கோற்போரடியில் ஒரு சாரைப்பாம்பு தலைநீட்டட்டும். தடி எங்கே, கல் எங்கே என்று ஊரே திரளும். அடித்துக் கொன்று, கோலிலே தொங்கவிட்டு, ஊர்வலம்! காலையில் புற்றடியில் கைகூப்பிய சிறுவன்தான் அந்த ஊர்வலத்தின் முன்னணியில் நிற்கிறான். அவனுக்கு நாம் ஊட்டியது பக்தியா, பரிவா, பயமா?

பயந்தான் என்பேன், தோழர்களே! பயம் கும்பிடவும் சொல்லும், கொல்லவும் சொல்லும்.

எலியும் தவளையும் தின்று வாழும் உயிருக்குப் பால் உணவாகாது. பாம்பாட்டியின் கூடையிலுள்ளது குடிக்கிறதே என்பீர்கள். நாட்கணக்கில் நீர் காட்டாது வாட்டப்பட்ட பாம்பு, தாகத்தால் எதையுந்தான் குடிக்கும். அதைப் பார்த்துக் காசு வீசுபவர் தம்மை இரக்கமுள்ளவர் என்றே எண்ணிக்கொள்கிறார். அவர் உள்ளத்திலே கொடுமை இல்லை. ஆனால் அந்த உயிரின் துன்பம் இம்மியேனும் குறைந்ததா?

அன்பு செலுத்துபவரின் மனம் குளிர்ந்தால் போதுமா, அன்பைப் பெறுவதன் வேதனை தீரவேண்டுமா என்பதே கேள்வி. தீரவேண்டுமென்றால், அந்த உயிர் எதை உண்ணும், எங்கே ஒண்டும் என்று அறிந்தாக வேண்டும். இறகு முளைக்காத குஞ்சு கூட்டிலிருந்து விழுந்துவிட்டால், "மனிதக் கை பட்டதைத் தாய் ஒதுக்கிவிடும்" என்ற கட்டுக்கதையை நம்பி, வீட்டிற்குள் வைத்துப் பாலும் சோறும் புகட்டிச் சாகடிக்கிறார்கள். கூட்டிலே திரும்ப வைத்திருந்தால் தாய்ப்பறவை ஏற்றிருக்கும்!

"பாம்புக்குமா பரிவு? மகனைப் பறிகொடுத்த தாயிடம் போய்ச் சொல்!" என்று சீறுவார் நண்பர். நியாயமான சீற்றம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிக்குப் பலியானோர் ஏறத்தாழ 12 இலட்சம் என ஆய்வாளர் கணித்துள்ளனர். பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். அவர்களைக் காப்பது தடியன்று. அடிக்கப் போய்க் கடிபட்டோரும் உண்டு. மந்திரிப்பவனும் அல்லன். காப்பது நச்சுமுறி மருந்து. அதுவோ பாம்பின் நஞ்சைக் கொண்டே ஆக்கப்படுவது. அந்த நஞ்சை எடுத்துத் தருபவர் யார்? சென்னையை அடுத்த வடநெம்மேலியில், 1978-இல் கூட்டுறவுச் சங்கம் கண்ட இருளர் மக்கள். பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டிலே விட்டுவிடுகிறார்கள். அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. காலமெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களின் அறிவு அது!

சிறுவனைப் பாம்பு பிடிக்கச் சொல்லவில்லை. சாரை எலி தின்னும், நஞ்சற்றது என்று சொல்லிக் கொடுங்கள். எந்தப் பாம்பாயினும் எட்டி நின்று வழிவிடட்டும். இரவிலே விளக்கோடு நடக்கட்டும். வீட்டிற்குள் நுழைந்துவிட்டால், தடியைத் தேடுமுன் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியனுப்பட்டும்.