அடுத்த வீட்டின் அமானிதம்



இரவில் கடை அடைக்கும்போது நாம் என்னென்ன செய்கிறோம்? இரும்புக் கதவை இழுத்து இரண்டு பூட்டுப் போடுகிறோம். கல்லாப் பணத்தை எடுத்துக் கொள்கிறோம். கேமரா விளக்கு எரிகிறதா என்று நிமிர்ந்து பார்க்கிறோம். பாதுகாப்பு என்றாலே நம்மவர் மனத்தில் தோன்றுகிறவன் கள்வன்தான். அவன் வெளியிலிருந்து வருகிறவன். பூட்டிய கதவுக்கு உள்ளேயே ஓர் உயிர் அஞ்சி நடுங்குமானால் அதற்குக் காவல் யார்? இதுவே இன்று உங்கள் முன் நான் வைக்கும் கேள்வி. மத்ரஸாவுக்கும் ஆரம்பப் பள்ளிக்கும் மேல் படிக்காதவன் நான். ஆயினும் இதற்கு விடை தேடும் கட்டாயம் எனக்கு ஏற்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன், அலோர் ஸ்டாரில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டில், சுவருக்கு அப்பாலிருந்து நள்ளிரவில் ஒரு பெண்ணின் அழுகுரல் கேட்டது. ஏதோ உடையும் சத்தமும் கேட்டது. என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள். "படு, அது அவங்க குடும்ப விஷயம்" என்றேன். மறுநாள் காலை அந்த வீட்டுக்காரர் என் கடைக்கு வந்து ஸலாம் சொன்னார். பதில் சொன்னேன். சீனியும் தேயிலையும் கட்டிக் கொடுத்து, மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன். அத்துடன் என் கடமை முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

எங்கள் வரிசையில் ஏழெட்டுப் பெண்கள் சனிக்கிழமைதோறும் அஸருக்குப் பின் ஒரு வீட்டில் கூடுவார்கள். தமிழ்ப் பெண்களும் உண்டு, மலாய்ப் பெண்களும் உண்டு. பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சோறு ஆக்கிக் கொடுப்பது, தனியாக இருக்கும் முதியவர்களை எட்டிப் பார்ப்பது, இவைதாம் அவர்கள் வேலை. அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. அந்த அழுகுரல் மூன்றாம் முறை கேட்ட மறுநாள், வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகு, அவர்களில் இருவர் அந்தக் கதவைத் தட்டினார்கள். ஒருத்தி என் மனைவி. அன்று பகலிலேயே அப்பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. "நாளைக்கு அந்த மனுஷன் முகத்திலே எப்படி முழிப்பேன்? அவங்க சொந்தக்காரங்க எல்லாரும் நம்ம கடையிலே சாமான் வாங்குறவங்க" என்றேன். அவள் சொன்னாள்: "அடுத்த வீட்டுக்காரி விழுந்து கிடந்தா, பற்று வரவு பார்த்துட்டுத்தான் தூக்குவீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்றிரவு தூக்கமும் வரவில்லை.

பிறர் குறையை மறைக்க வேண்டும் என்று உஸ்தாத் நமக்குக் கற்றுத் தந்தார். அது உண்மையே. ஆனால் எந்தக் குறையை? நம் தொழிலையே எடுத்துக் கொள்ளுங்கள். கடைப் பையன் ஒருவன் தன் சம்பளத்தை வீணாக்கிவிட்டு வெட்கப்பட்டு நின்றால், அதை ஊருக்குச் சொல்லாதிருப்பது நற்குணம். அவனே தராசில் கள்ள எடை வைத்தால்? அதையும் மறைப்பவன் அவன் களவில் பங்காளி ஆகிறான். தன்னையே கெடுத்துக்கொள்ளும் குறையும் அடுத்தவர் மேல் விழும் அடியும் ஒன்றல்ல. அநியாயம் செய்கிற சகோதரனுக்குச் செய்யும் உதவி, அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே என்பதும் நாம் ஓதிய பாடந்தான். நான் முதற் பாடத்தை மட்டும் நினைவில் வைத்து, இரண்டாம் பாடத்தை வசதியாக மறந்திருந்தேன்.

இந்நாட்டின் வரலாற்றையும் சிறிது பார்ப்போம். 1975-ல் ருக்குன் தெத்தாங்கா ஏற்பட்டபோது ஆண்கள் முறைபோட்டு இரவு ரோந்து சுற்றினார்கள். தெருவுக்குக் காவல் கிடைத்தது. வீட்டுக்குள் அடிபடுகிறவளுக்கு அந்த ரோந்தினால் என்ன பயன்? அந்தக் குறையைக் கண்டு முன்வந்தவர்கள் பெண்களே. அடிபட்டு வரும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் புகலிடம் ஒன்றை 1982-ல் பெண்கள் உதவி அமைப்பினர் தொடங்கினார்கள். 1985-ல் நம் அண்டை மாநிலமான பினாங்கிலும் ஒரு மாதர் நெருக்கடி மையம் உருவாயிற்று. அதே ஆண்டில் பல மாதர் அமைப்புகள் ஒன்றுகூடி, இதற்கென ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்கலாயின.

குடும்ப வன்முறைச் சட்டம் 1994-ல் நிறைவேறியது. அமலுக்கு வந்ததோ 1996-ல்தான். முஸ்லிம் குடும்பங்களுக்கு இது பொருந்துமா என்ற விவாதமும் நடந்தது. முடிவில், அடிப்பது குற்றவியல் சட்டத்தைச் சேர்ந்த விஷயமென்று கொண்டு, எல்லா மதத்தினருக்கும் பொதுவாகவே அமைத்தார்கள். அரசாங்க மருத்துவமனைகளில் டாக்டர், போலீஸ், சமூக நல உதவி மூன்றையும் ஒரே இடத்தில் பெறும் ஏற்பாடும் அந்த ஆண்டுகளிலேயே வந்தது. 2018 முதல், சமூக நல அதிகாரியே ஏழு நாளைக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்க முடிகிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது.

"பெண்கள் இப்படிக் கிளம்பினால் குடும்பங்கள் உடையாதா?" என்று சிலர் கேட்பர். உடைத்தது ஓங்கிய கை. கதவைத் தட்டிய கையின் மேல் அப்பழியைச் சுமத்தலாமா? "இது நம் பெண்களுக்கு ஏற்ற வேலையா?" என்பர் வேறு சிலர். கி.பி. 627-ல் அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், மதீனாப் பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில்தான் சிகிச்சை பெற்றார்கள். மேலும், அடிபட்ட பெண் கதவைத் திறப்பது பெண்ணின் குரலுக்கே. நான் தட்டியிருந்தால் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வந்திருக்கும்.

"நாலு பெண்கள் கூடினால் ஊர்க்கதை ஆகிவிடுமே" என்பது மூன்றாவது ஆட்சேபம். இதில் நியாயம் இருக்கிறது. ஒரு வீட்டின் துயரம் பத்து வீட்டின் பேச்சானால் அதுவும் ஓர் அடியே. ஆண்கள் கூடும் தேத்தண்ணிக் கடைக்கும் இது பொருந்தும். ஆகவே கட்டுப்பாடு வேண்டும். நம் கடன் புத்தகத்தில் யார் யார் பெயரோ இருக்கிறது. அதை நாம் சந்தையில் உரக்கப் படிப்பதில்லை. அந்த ஒழுக்கம் இங்கும் வேண்டும். மற்றொன்றும் உண்டு. தொண்டு செய்கிறவர்களின் உயிரும் உயிரே. வெறிகொண்டு நிற்பவன் முன் அவர்கள் தனியே போகலாகாது. அவ்வேளையில் 999-க்குச் சொல்வதே அறிவுடைமை.

சகோதரர்களே, அவர்கள் வேலையை நாம் நடத்தித் தர வேண்டியதில்லை. தடுக்காமலும் தாங்கியும் நின்றால் போதும். கூடுவதற்குக் கடை மாடியைக் கொடுக்கலாம். மருத்துவமனைக்குப் போக நம் காரைக் கொடுக்கலாம். யாருக்கு என்று கேட்காமல் பணம் கொடுக்கலாம். 15999 என்ற உதவி எண்ணைக் கல்லாவுக்கு அருகில் எழுதி வைக்கலாம். நான் வைத்திருக்கிறேன். இன்னுமொரு வேலை நம்முடையதே: கை ஓங்குகிறவன் நம் நண்பனானால், அவனைத் தனியே அழைத்து, "இது ஹராம்" என்று முகத்துக்கு நேரே சொல்வது. இதைப் பெண்கள் மேல் சுமத்தலாகாது.

அந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. அந்த மனிதர் என் கடைக்கு வருவதில்லை. அவர் உறவினர் சிலரும் வருவதில்லை. அந்த நஷ்டத்தை நான் கணக்கில் எழுதவில்லை. அந்தப் பெண் எங்கே, எப்படி இருக்கிறாள் என்பது என் மனைவிக்குத் தெரியும். ஒருமுறை கேட்டேன். "நல்லா இருக்கா" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. அது அவளிடம் இருக்கும் அமானிதம்.

அடுத்த வீட்டின் குரலைக் கேட்கும் செவியை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.