ஒரே நாளில் ஆறு இடம்: நம்ம பிளான் யாரைச் சுத்தி வருது?



அடுத்த கிருத்திகைக்கு வேன் பிடிச்சு "ஒரு நாள் முருகன் ட்ரிப்" போகலாம்னு உங்க குரூப்ல பேச்சு ஓடிட்டு இருந்தா, ஃபார்ம் அனுப்பறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. நான் பண்ண ஒரு தப்புல இருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

எனக்கு ஊர் வடக்குப்பட்டு. ஒரகடம் பக்கத்துல இருக்கு. சுத்தி கம்பெனிங்க, கன்டெய்னர் லாரிங்க, ஷிப்ட் பஸ்ஸுங்க. எங்க தெருவுல பாதிப் பேருக்கு வாரத்துல ஒரு நாள்தான் லீவு, அதுவும் சில வாரம் கிடைக்காது. அதனால "ஒரே நாள்ல போய்ட்டு வந்துடணும்"ங்கறது இங்க பேராசை இல்ல. இருக்கறதே அந்த ஒரு நாள்தான்.

நம்ம பக்கத்துல முருகன் கோயிலுக்கும் பழைய ஊருக்கும் பஞ்சமே இல்ல. கூப்பிடு தூரத்துல வல்லக்கோட்டை, 7 அடி உயரத்துல நிக்கிற முருகன், அருணகிரிநாதர் பாடின தலம். அந்தப் பக்கம் காஞ்சிபுரம் குமரக்கோட்டம், கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் எழுதின இடம். அவர் எழுதி வச்ச ஓலையை ராத்திரியில முருகனே திருத்திக் கொடுத்தார்னு சொல்லுவாங்க. நம்ம பாஷையில சொன்னா கோட் ரிவ்யூ! அதே காஞ்சியில ராஜசிம்ம பல்லவன் கட்டின கைலாசநாதர் கோயில், 1300 வருஷம் பழசு. செய்யாற்றங்கரையில இளையனார்வேலூர். அதைத் தாண்டி உத்திரமேரூர், குடவோலைக் கல்வெட்டு இருக்கற ஊர். திரும்பி வந்தா குன்றத்தூர் மலை முருகன்.

ஆறு இடம். ஆறு இடத்தை 720 விதமா வரிசைப்படுத்தலாம். நான் சாஃப்ட்வேர் ஆளு, சும்மா இருப்பேனா? கூகுள் மேப்ஸ்ல தூரம் எல்லாம் எடுத்து, மதியம் நடை சாத்தற நேரத்தையும் கணக்குல சேர்த்து, ஷீட்ல போட்டேன். காலையிலயும் சாயங்காலமும் கோயில், நடை சாத்தியிருக்கற மதியத்துல உத்திரமேரூர் கல்வெட்டு. 14 பேர், தலைக்கு 700 ரூபா. ஒவ்வொரு இடத்துக்கும் இத்தனை நிமிஷம்னு போட்டு குரூப்ல அனுப்பினேன். "சூப்பர் தம்பி"னு கை தட்டற எமோஜி நிறைய வந்தது. எனக்கும் பெருமையாத்தான் இருந்தது.

என்ன நடந்தது

காலையில ஒரு கோயில். எந்தக் கோயில்னு சொல்லல, ஏன்னா தப்பு கோயில் மேல இல்ல. ஷீட்ல 30 நிமிஷம் போட்டிருந்தேன். கூட்டம் எதிர்பார்த்ததை விட அதிகம். எங்க ஆளுங்க பொது வரிசையில நின்னாங்க. இளவட்டம் எல்லாம் முன்னாடி போயிட்டாங்க. எங்க தெரு ஆயா ஒருத்தங்க, எழுபது வயசுக்கு மேல, முட்டி வலியோட மெதுவா நடந்து வந்து கடைசியில நின்னாங்க.

35 நிமிஷம் ஆச்சு. மத்தவங்க எல்லாம் தரிசனம் முடிச்சு வேனுக்கு வந்துட்டாங்க. அடுத்த கோயில்ல நடை சாத்திடுவாங்களேன்னு எனக்குப் பதட்டம். நானே உள்ள போனேன். ஆயாவுக்கு முன்னாடி இன்னும் முப்பது, நாப்பது பேர் இருந்தாங்க.

"ஆயா, டைம் ஆச்சு. வாங்க, அடுத்த கோயில்ல நல்லா பார்த்துக்கலாம்."

"இன்னும் கொஞ்ச நேரம்தாம்பா..."

"எல்லாரும் காத்துட்டு இருக்காங்க ஆயா. கோபுர தரிசனம் கோடி புண்ணியம்னு சொல்லுவாங்கல்ல?"

ஆயா ஒண்ணும் சொல்லல. கையில இருந்த பூவைப் பக்கத்துல நின்ன ஒரு பொண்ணுகிட்ட கொடுத்து "சாமிக்குக் கொடுத்துடும்மா"னு சொல்லிட்டு என் கூட வந்துட்டாங்க.

அடுத்த கோயிலுக்கு நேரத்துக்குப் போயிட்டோம். ஷீட் ஜெயிச்சுது.

அதே பழமொழி, வேற வாய்

கோபுர தரிசனம் கோடி புண்ணியம்ங்கறது அழகான வார்த்தை. உள்ள போக முடியாதவங்க, பஸ்ல போறப்போ ஜன்னல் வழியா கும்பிடறவங்க, நடக்க முடியாதவங்க தங்களைத் தேத்திக்கறதுக்கு ஆறுதலா வந்த வார்த்தை. ஆயா தானா அதைச் சொல்லியிருந்தா அது பக்தி. அவங்களை வரிசையில இருந்து இழுத்துட்டு வர்ற நான் சொன்னா அது சாக்கு.

இதை யோசிச்சுப் பாருங்க. "எல்லாம் அவன் செயல்", "கொடுத்து வச்சது அவ்வளவுதான்", "மனசுல நினைச்சா போதும், சாமி ஏத்துப்பார்". எல்லாமே நிஜமான வார்த்தைங்கதான். ஆனா இழந்தவங்க சொல்லணும். இழக்க வச்சவங்க சொன்னா, அந்த நிஜம் அப்படியே பொய்யா மாறிடுது. பக்தி மொழி பேசறதுல நமக்கு இருக்கற ஆபத்து இதுதான்னு நினைக்கிறேன். நம்ம தப்பை மூடறதுக்கு அது ரொம்ப சுலபமா கைக்கு வந்துடும்.

கல்லு சொன்ன கணக்கு

மதியம் உத்திரமேரூர். குரூப்ல ஒருத்தர் முன்னாடியே கேட்டிருந்தார்: "கோயிலுக்குப் போறோமா, டூர் போறோமா? கல்வெட்டு எல்லாம் எதுக்கு?" நியாயமான கேள்விதான். அன்னைக்கு எனக்கு அந்தக் கல்வெட்டுதான் பதில் சொல்லுச்சு.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இருக்கு. முதலாம் பராந்தக சோழன் காலம், 919லயும் 921லயும் வெட்டினது. ஊரை 30 குடும்பா பிரிச்சு, ஓலையில பேரை எழுதிக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி, ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறை. 35 வயசுக்கு மேல, 70க்குள்ள இருக்கணும். சொந்த நிலம், வீட்டு மனை, படிப்பு வேணும். அதனால எல்லாருக்கும் இடம் கொடுத்த சபைன்னு சொல்ல முடியாது. எங்க ஆயாவுக்கு அங்க இடமே இருந்திருக்காது. இதையும் சேர்த்தே சொல்லணும்.

ஆனா ஒரு விதி என்னை நிறுத்திடுச்சு. முன்னாடி வாரியத்துல இருந்துட்டுக் கணக்கு காட்டாதவனுக்கு இனிமே இடம் கிடையாது. அவன் சொந்தக்காரங்களுக்கும் கிடையாது!

நான் கணக்குல கெட்டிக்காரன். டீசல், டிரைவர் பேட்டா, டீ, வாழைப்பழம் வரைக்கும் ரூபா பைசா பிசகாம குரூப்ல போட்டிருந்தேன். ஆனா அந்த 14 பேர் என்கிட்ட கொடுத்தது 700 ரூபா மட்டுமா? அவங்களோட ஒரு நாளையும் கொடுத்திருந்தாங்க. எங்க நிக்கணும், எப்போ கிளம்பணும், யாருக்கு எத்தனை நிமிஷம்னு முடிவெடுக்கற அதிகாரம் என் கையில இருந்தது. அதுக்கு என்ன கணக்கு காட்டினேன்? ஆயாகிட்ட இருந்து எடுத்த பத்து நிமிஷத்தை எந்தக் காலம்ல எழுதறது?

டூரா யாத்திரையான்னு கேட்டவருக்கு இப்போ சொல்றேன்: அன்னைக்குக் கோயில் வாசல்ல நான் பண்ண தப்பை, பழைய ஊர் ஒண்ணுதான் எனக்குக் காட்டிக் கொடுத்தது. முன்னாடி வாழ்ந்தவங்க எப்படி முடிவெடுத்தாங்க, யாரைச் சேர்த்தாங்க, யாரை விட்டாங்கன்னு பார்க்கறதும் சாமி கும்பிடறதுக்கு விரோதம் இல்ல.

மாம்பழக் கதையை நாம எப்படிப் படிக்கிறோம்?

நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. உலகத்தை முதல்ல சுத்தி வர்றவங்களுக்குத்தான் பழம். முருகன் மயில்ல பறந்தார். விநாயகர் அம்மா அப்பாவைச் சுத்தி வந்து பழத்தை வாங்கிட்டார். நம்ம ஆளு கோவிச்சுக்கிட்டுப் பழனிக்குப் போயிட்டார்.

சின்ன வயசுல இருந்தே எனக்கு இதுல முருகன் பக்கம்தான். சொன்ன நிபந்தனையை நிஜமா செஞ்சது அவர்தானே? இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன். ஊர் சுத்தறது தப்பு இல்ல. மயில் தப்பு இல்ல. ஊர் ஊரா குன்று குன்றா நாம அவரைத் தேடிப் போறதே அதனாலதான்.

ஆனா அந்தக் கதையில இன்னொரு விஷயமும் இருக்கு. சுத்தி வரணும்னா நடுவுல ஏதாவது ஒண்ணு இருக்கணும். விநாயகருக்கு நடுவுல ரெண்டு பேர் இருந்தாங்க. என் ட்ரிப்புக்கு நடுவுல என்ன இருந்தது? ஆறு இடத்தோட லிஸ்ட். 14 பேரும் அந்த லிஸ்ட்டைச் சுத்தி ஓடினாங்க. எதைக் குறைக்கணும்னு நான் சொன்னேனோ, அதைத்தான் என் ஷீட் குறைச்சுது. நேரத்தைக் குறைன்னு சொன்னேன், குறைச்சுது. ஒருத்தரும் தரிசனம் இல்லாம திரும்பக் கூடாதுன்னு நான் எழுதவே இல்ல.

சாயங்காலம் குன்றத்தூர் போனப்போ இது இன்னும் உறைச்சுது. அது சேக்கிழார் பிறந்த ஊர். சோழ அரசாங்கத்துல பெரிய பதவியில இருந்தவர், எழுதினது பெரியபுராணம். அதுல இருக்கறது 63 நாயன்மார்களோட கதை. குயவர், வண்ணார், மீனவர், வேடர்னு மனுஷங்க கதை. சாமியைப் பத்திச் சொல்ல நினைச்சவர், அடியாருங்களைச் சுத்தி வந்திருக்கார்.

அண்ணனோட கேள்வி

வீட்டுக்குத் திரும்பறப்போ இதை வேன்ல சொன்னேன். "அடுத்த தடவை மெதுவா போற ஆளை வச்சுத்தான் நேரம் போடுவேன். இடத்தைக் குறைச்சுக்கலாம்"னேன். எல்லாரும் தலையாட்டுவாங்கன்னு நினைச்சேன். நைட் ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்காம நேரா வேன் ஏறின ஒரு அண்ணன் மட்டும் கேட்டார்:

"தம்பி, ஆயாவுக்கு நடந்தது தப்புதான். ஆனா எனக்கு இந்த மாசத்துல ஒழுங்கா கிடைச்சது இந்த ஒரு ஞாயித்துக்கிழமை. குமரக்கோட்டம் பார்க்கணும்னு ரெண்டு வருஷமா நினைச்சுட்டு இருந்தேன். மெதுவா போயிருந்தா அதைத்தானே வெட்டியிருப்ப? அப்போ எனக்கு நீ என்ன பதில் சொல்லுவ?"

பதில் வரல. ஏன்னா அவர் சொன்னதும் நிஜம். ஆயாகிட்ட உடம்பு இல்ல, அண்ணன்கிட்ட நாள் இல்ல. ரெண்டு பேருக்கும் இல்லாத ஒண்ணை வச்சுத்தான் நான் பிளான் போட்டிருக்கேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சொன்னார்: "குறைக்கறதா இருந்தா குறை தம்பி. ஆனா எதைக் குறைக்கப் போறேன்னு கிளம்பறதுக்கு முன்னாடி சொல்லிடு. நான் ஒத்துக்கிட்டு வர்றது வேற. பாதி வழியில நீ முடிவெடுக்கறது வேற."

அந்த வாக்கியத்தை நான் இன்னும் மறக்கல. ஆயாகிட்ட நான் பண்ணது வெறும் அவசரம் இல்ல. அவங்களைக் கேக்காம, அவங்க பங்கை எடுத்து மத்தவங்களுக்குக் கொடுத்தேன். தியாகம்னா கொடுக்கறவங்க முடிவெடுக்கணும்.

இப்போ எப்படிப் போறோம்

அடுத்த ட்ரிப்புக்கு ஃபார்ம்ல ரெண்டே கேள்வி சேர்த்தேன். நீங்க கண்டிப்பா பார்க்கணும்னு நினைக்கிற ஒரு இடம் எது? உங்களுக்கு எதுல கஷ்டம் – நடக்கவா, படி ஏறவா, ரொம்ப நேரம் நிக்கவா? பதில்களைப் பார்த்து மூணு இடம் மட்டும் போட்டோம். நேரமாச்சுன்னா எந்த இடத்தை விடுவோம்னு முன்னாடியே எழுதி அனுப்பினோம். சன்னதியில மட்டும் நேரத்தைக் குறைக்கறதில்லைன்னு முடிவு. முட்டி வலி இருக்கறவங்க கூட ஒரு இளவட்டம் வரிசையில நிக்கணும், முறை போட்டு.

இதுல நஷ்டமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு பேர் "மூணு இடத்துக்கா ஒரு நாள்?"னு வரல. அவங்க மேல எனக்குக் கோவமும் இல்ல, அவங்களுக்கு வேற வேன் இருக்கு. எல்லாருக்கும் பொருந்தற பிளான்னு ஒண்ணு இல்ல. யாருக்குப் பொருந்தலைன்னு தெரிஞ்சே போடற பிளான் இருக்கு, தெரியாத மாதிரி போடற பிளான் இருக்கு. அவ்வளவுதான்.

ஆயா வந்தாங்களான்னு கேப்பீங்க. வந்தாங்க. போய் மன்னிப்பு கேட்டேன். "அட போப்பா, அதெல்லாம் மறந்துட்டேன்"னாங்க. மறக்கலைன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். முதல்ல அந்தக் கோயிலுக்குத்தான் போனோம்.

கிளம்பறப்போ வேன்ல யாரோ கைலாசநாதர் கோயில் எத்தனை பழசுன்னு பேசிட்டு இருந்தாங்க. ஆயா நம்ம ஊரைக் காட்டிச் சிரிச்சாங்க: "இங்கேயே தோண்டிப் பார்த்தாங்களேப்பா. நாங்க மாடு மேய்ச்ச இடம்." 2022ல இந்தியத் தொல்லியல் துறை வடக்குப்பட்டுல அகழாய்வு பண்ணப்போ கற்காலக் கருவிகள் வரைக்கும் கிடைச்சது. பழைய ஊர் பார்க்க உத்திரமேரூர் வரைக்கும் லிஸ்ட் போட்ட எனக்கு, நான் பிறந்த ஊரை அதுல சேர்க்கத் தோணல. அன்னைக்கு அரை மணி நேரம் ஆயாதான் எங்களுக்கு வழிகாட்டி. எந்த ஏரி எங்க இருந்தது, எந்தக் கம்பெனி யாரோட வயல்னு சொல்லிட்டே வந்தாங்க.

நண்பர்களே, நீங்களும் இந்த மாசம் வேன் பிடிப்பீங்க. எத்தனை கோயில்னு யார் கேட்டாலும் சந்தோஷமா சொல்லுங்க. ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி, வேன்ல கடைசி சீட்ல உக்காரப் போறவங்ககிட்ட ஒரு தடவை கேட்டுட்டுப் போடுங்க.

வேலும் மயிலும் துணை. ஓம் சரவணபவ.