துரையின் சாமியும் லயத்துக் கேள்வியும்

பதுளை நகரின் புனித மாற்கு ஆலயம், மேஜர் தோமஸ் ரொஜர்ஸின் நினைவாக எழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேரெடுத்த ஆங்கில அதிகாரி அவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளை அடங்கிய ஊவாவில் வேதாகமம் ஆட்சியோடு கைகோத்தே வந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தோட்டத் தொழிலாளரிடையே வேதம் பரப்ப 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்குத் தோட்டத் துரைமாரே பணம் கொடுத்தார்கள். பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு, பறித்தது குறைந்தால் அரைநாள் சம்பளமாக அரைப்பேர் போடுகிற துரையின் சாமியைத் தன் சாமியாக ஏற்க, தோட்ட லயத்தில் வாழும் மனிதருக்கு எப்படி மனம் வரும்? அவருக்கு மாரியம்மன் இருந்தாள், கதிர்காமமும் தூரமில்லை.

படித்தவர்களின் மறுப்பு வேறு வகை. வேதாகமத் தமிழாக்கத்தில் பேர்சிவல் பாதிரியாருக்கு உதவிய யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், அதை ஆழமாகப் படித்தும் சைவத்திலேயே நின்றார். 1854இல் அவர் வெளியிட்ட ‘சைவதூஷண பரிகாரம்’ கோயில் வழிபாட்டைப் பழித்தவர்களுக்குப் பழைய ஏற்பாட்டிலிருந்தே பதில் சொன்னது: எருசலேம் ஆலயத்திலும் விளக்கும் தூபமும் படையலும் இருந்தனவே!

1873இல் பௌத்தருக்கும் கிறிஸ்தவருக்கும் நடந்த பாணந்துறை விவாதத்தில் பௌத்த பிக்கு மிகெட்டுவத்தே குணானந்த தேரர் கேட்டது இன்னும் கூர்மை. எல்லாம் அறிந்த கடவுள், மனிதனைப் படைத்ததற்காக ஏன் மனஸ்தாபப்பட்டார்?

தோட்டங்களில் இன்று விசுவாசமுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் பல உண்டு. அவர்களின் பக்தியை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் சந்தேகப்படுகிறவரை ‘இருளில் இருப்பவர்’ என்று ஒதுக்கும் போதகர்கள், முதலில் அவருடைய கேள்வியை முழுதாகக் கேட்கட்டும்.